பசு கொடுத்த அரசும் பால் வாங்காத சங்கமும்

எங்கம்மாவுக்குத் தாட்கோ கடனில் ஒரு கறவை மாடு வந்தது. பேங்குக்கு ஆறு தடவை நடந்து, ஜாமீனுக்கு ஆள் பிடித்து, காதில் வில்லை மாட்டி, இன்சூரன்ஸ் போட்டு, சந்தையிலிருந்து ஓட்டி வந்த மாடு. காலனியே கூடி நின்று பார்த்தது. கன்று போட்ட பத்தாம் நாள் காலையில் அம்மா தூக்குவாளியில் பாலை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவில் இருந்த பால் சொசைட்டிக்குப் போனாள். வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது செயலாளர் டிகிரி பார்க்கிற கருவியைக் கையிலேயே எடுக்கவில்லை.

"உங்க பாலை எங்க ஊத்துறது? இந்தக் கேன்ல ஊத்துனா நாளைக்கு மத்தவன் இங்க வருவானா? நீயே சொல்லு."

"மாடு கவர்மெண்டு குடுத்த மாடுங்க சாமி."

"மாடு கவர்மெண்டுது. கறந்த கை யாருது?"

வாளியோடு திரும்பிய அம்மா ஒரு வாரம் பாலைக் காலனிக் குழந்தைகளுக்கு ஊற்றினாள். கடன் தவணை அதற்காக நிற்குமா? பிறகு ஊர்த்தெருக்காரர் ஒருவர் வந்தார். சொசைட்டி விலையைவிடக் குறைத்துக் கொடுத்துப் பாலை வாங்கிக்கொண்டார். அதே பாலைத் தன் பேரில், அதே சொசைட்டியில், அதே கேனில் ஊற்றினார். அவர் கை பட்டதும் தீட்டுப் போய்விட்டது. எங்கள் மாட்டுப் பாலுக்கு அவர் பேரில் போனஸ் ஏறியது. எங்கள் மாட்டுப் பாலுக்கு அவருக்கு ஓட்டுக் கிடைத்தது. பின்னால் அவர் சங்கத்தின் இயக்குநரும் ஆனார்.

கூட்டுறவுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நானும் அதைத்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் என் கையில் இருப்பது அந்தத் தூக்குவாளி.

இது ஏதோ ஒரு ஊர்க் கதை, ஒரு செயலாளரின் கெட்ட குணம் என்று தள்ளிவிட முடியாது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பாவிஸ்கர் ஆகியோர் எழுதிய, கிராமப்புற இந்தியாவின் தீண்டாமை பற்றிய நூல் 2006இல் வந்தது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த ஆய்வு அது. ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் தலித்துகள் பால் விற்கத் தடை இருந்ததை அது பதிவு செய்கிறது. வெண்மைப் புரட்சி, வெண்மைப் புரட்சி என்று நாடே கொண்டாடியதே, அந்த வெள்ளை நிறம் எப்படி வெள்ளையாகவே காப்பாற்றப்பட்டது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

இனி சட்டத்துக்கு வருவோம். 1904இல் வெள்ளைக்காரன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் போட்டான். அதே வருஷம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் திரூரில் சங்கம் பிறந்தது. பிறகு 1912, 1932, 1961 என்று சட்டங்கள் வந்தன. இப்போது நம்மை ஆள்வது 1983இல் நிறைவேறி 1988இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். இத்தனை காலமும் சீர்திருத்தம் என்ற பேரில் நடந்தது ஒரே சண்டைதான்: சாவி அதிகாரியிடம் இருப்பதா, தலைவரிடம் இருப்பதா? 1976இல் குழுக்களை அகற்றித் தனி அலுவலர்களை உட்கார வைத்தார்கள். 1996இல் தேர்தல் நடத்தினார்கள். 2001இல் மறுபடியும் சட்டம் போட்டுத் தனி அலுவலர்களைக் கொண்டுவந்தார்கள். 2013இலும் 2018இலும் தேர்தல் வந்தது. ஆட்சி மாறினால் சாவி மாறும், அவ்வளவுதான்.

டெல்லியிலும் இதே பேச்சுதான். 1991இல் பிரம் பிரகாஷ் குழு மாதிரிச் சட்டம் ஒன்றை வகுத்தது. 1995இல் ஆந்திரம் அதை ஒட்டித் தனிச்சட்டம் போட்டது. அரசே, கையை எடு. உறுப்பினர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவற்றின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதிவாளர் நினைத்தால் 81 போட்டு விசாரிக்கலாம், 88 போட்டுக் குழுவையே கலைக்கலாம் என்றிருக்கும் சட்டத்தை ஜனநாயகவாதி யாரும் ஆதரிக்க மாட்டான். ஆனால் சேரிக்காரன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அரசு கையை எடுத்தபின் அங்கே இருக்கப்போகிற கை யாருடையது? உறுப்பினர்கள் பார்த்துக்கொள்வார்கள் சரி, உறுப்பினர் யார்?

எங்கள் ஊரில் ஒரு தனி அலுவலர் வந்தார். எந்தச் சாதியோ தெரியாது. காலனிப் பாலையும் வாங்கியே ஆக வேண்டும் என்று செயலாளருக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்தார். எட்டு மாதம் அம்மாவின் பால் சொசைட்டி கேனில் விழுந்தது. பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. தேர்தல் வந்தது. ஜனநாயகம் வந்தது. அம்மாவின் வாளி வீட்டுக்கு வந்தது. இதை வைத்து அதிகாரி ஆட்சி நல்லது என்று நான் வாதாடவில்லை. அந்த எட்டு மாதமும் ஒரு மனுஷனின் தயவு. தயவு லாரி ஏறிப் போகும். உரிமைதான் ஊரில் தங்கும். அந்த உரிமையை இரண்டு தரப்பு சீர்திருத்தக்காரர்களும் எழுதவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

"சட்டத்தில் சாதியே கிடையாதே, யார் வேண்டுமானாலும் சேரலாமே" என்பார்கள். ஆமாம், கிடையாது. உறுப்பினராக விண்ணப்பிக்கலாம், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம் என்றெல்லாம் இருக்கிறது. வாங்கவே வாங்காத விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு ஏது? "பாரம் தீந்துபோச்சு", "செயலாளர் இல்ல", "அடுத்த மாசம் வா". இந்த மூன்று வாக்கியங்களும் எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை. ஆனால் சேரிகளைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தியதில் இவற்றுக்கு இருக்கும் பங்கு எந்தப் பிரிவுக்கும் குறைந்ததில்லை. பால் சங்கத்தில் இன்னொரு பூட்டும் உண்டு. குறிப்பிட்ட நாட்கள் பால் ஊற்றியவருக்குத்தான் ஓட்டு என்று துணைவிதி வைப்பார்கள். ஊற்றவிடாமல் தடுத்துவிட்டால் ஓட்டும் தானாகப் போய்விடும். தனியாகத் தீண்டாமை என்று எழுதிவைக்க வேண்டிய வேலையே இல்லை.

எழுதியே வைத்தால்தான் என்ன ஆகும்? அதற்கும் விடை இருக்கிறது. அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று துணைவிதி வைத்திருந்த ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், அந்தத் துணைவிதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சங்கம் அமைக்கும் சுதந்திரமாம். பார்சிகள் சிறு கூட்டம், அவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கதவு வழியாக நாளை யார் யார் நுழைவார்கள்? நம் நகரங்களில் எந்தத் தெருவில் யாருக்கு வீடு கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாதா? உலகக் கூட்டுறவுக் கூட்டணி 1995இல் அறிவித்த கொள்கைகளில் முதலாவது, பாகுபாடில்லாத திறந்த உறுப்பினர் முறை. நம் சங்கங்களில் கூட்டுறவு வார விழா மேடைகளில் அது கணீரென்று வாசிக்கப்படும். மேடைக்குப் பந்தல் கட்டியவன் கீழே நின்று கேட்பான்.

அடுத்தது இடஒதுக்கீடு. இங்கேதான் மோசடி பச்சையாகத் தெரிகிறது. 1992இல் அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் பஞ்சாயத்துகளில் மக்கள்தொகை விகிதப்படி நமக்கு இடம் கொடுத்தது, தலைவர் பதவியிலும் கொடுத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காக 1997இல் மேலவளவு முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தேர்தலையே முடக்கி வைத்தார்கள். அப்படியும் அந்த நாற்காலி நமக்கென்று சட்டத்தில் நின்றது. 2011இல் அதே பாராளுமன்றம் 97ஆவது திருத்தம் கொண்டுவந்து கூட்டுறவுக்கு அரசியல் சட்டத்தில் தனிப் பகுதி கொடுத்தது. 21 பேர் வரை இருக்கலாம் என்ற குழுவில் பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ எத்தனை இடம்? ஒன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று! தலைவர் பதவியைப் பற்றி மூச்சே இல்லை. ஓட்டு இருக்கும் இடத்தில் விகிதாச்சாரம், பணம் இருக்கும் இடத்தில் ஒற்றை நாற்காலி.

தமிழ்நாட்டுச் சட்டம் குழுவில் நமக்கு 18 சதம் வைத்திருக்கிறது. 11 பேர் குழுவில் இரண்டு பேர். தலைவரைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பதினொருவர்தான். மீதி ஒன்பது பேரும் கை தூக்கினால் கதை முடிந்தது. அந்த இரண்டு பேரும் யார்? பெரும்பாலும் பண்ணையார் கைகாட்டிய ஆட்கள். தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். மேலவளவுபோல ஒரு ரத்தக்களரி கூட்டுறவுச் சங்கத்தில் நடக்கவில்லையே என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே வெட்டித் தள்ளுவதற்குகூட நமக்கு ஒரு நாற்காலி இல்லை.

கடனுக்கு வருவோம். பயிர்க்கடன் கேட்டால் பட்டா கொண்டா, சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டா. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. நிலத்தில் நம் பங்கு அதற்குக் கிட்டேகூட இல்லை. 1892 அரசாணையில் கிடைத்த பஞ்சமி நிலமும் யார் யார் கையிலோ போய்ச் சேர்ந்தது. அதை மீட்கக் கேட்டுத்தான் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். குத்தகைக்கு உழுகிறவன் பேரில் அடங்கல் இருக்காது. கூலிக்காரிக்கு அந்தப் பேச்சே இல்லை. நகையை வைத்துக் கடன் வாங்கினால் இணை உறுப்பினர் என்று ஒரு பேர் போடுவார்கள். வட்டி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. கடன் வாங்குகிறவர், பணம் போடுகிறவர் எல்லோருக்கும் முழு ஓட்டுரிமை வேண்டும் என்று வைத்தியநாதன் குழு 2005இலேயே சொல்லிவிட்டது.

2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குப் பயன். விவசாயி கடன் தள்ளுபடியை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அந்த வயலில் நாற்று நட்ட பெண் வாங்கிய கந்துவட்டியை எந்த அரசு தள்ளுபடி செய்தது? அதே வருஷம் ஐந்து சவரன்வரை நகைக்கடன் தள்ளுபடி அறிவித்தபோது நம் பெண்கள் சிலருக்கும் கிடைத்தது. அதற்கு முதலில் கழுத்தில் நகை இருந்திருக்க வேண்டும்.

"ஏன் சண்டை? உங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொள்ளுங்களேன்" என்று நல்லவர்கள் சிலர் யோசனை சொல்வார்கள். கூட்டுறவு நமக்குப் புதிதல்ல. 1920களிலேயே லேபர் டிபார்ட்மெண்ட் மூலம் சேரி மக்கள் சங்கம் வைத்து, தவணை கட்டி, வீட்டுமனை வாங்கினார்கள். இன்றும் சாவு விழுந்தால் வீட்டுக்கு வீடு வசூல் செய்து பாடை கட்டுகிறோம். கூடிச் செய்வதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஊர்ச் சொசைட்டியின் கட்டடம், குடோன், உரம், மாவட்ட வங்கிக் கடன், அரசின் பங்குத்தொகை எல்லாம் பொதுப்பணம். அதை ஊருக்கு விட்டுவிட்டு நமக்குத் தனிச் சங்கம் என்றால், அது தனிக் கிணறு, தனிச் சுடுகாட்டின் தம்பி.

97ஆவது திருத்தத்தின் அந்தப் பகுதி மாநிலங்களின் ஒப்புதல் இல்லாமல் நிறைவேறியதால் மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, எழுதுகிற கை தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் கைதான். டெல்லியைக் காட்டித் தப்பிக்க முடியாது. எழுதட்டும்.

வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எவரும் பங்குத்தொகையை அஞ்சலில் அனுப்பினாலே உறுப்பினர். மறுக்க வேண்டுமானால் முப்பது நாளில் காரணத்தை எழுத்தில் சங்கம் சொல்லட்டும். பிறப்பை வைத்து ஆளை விலக்கும் துணைவிதியைப் பதிவு செய்யக் கூடாது. பாலையோ விண்ணப்பத்தையோ சாதி பார்த்து மறுத்தால், பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கிய 2015 திருத்தத்தின்படி வன்கொடுமை வழக்கு. அதைப் பதிவு செய்யாத கூட்டுறவு அதிகாரிக்கும் தண்டனை. தலைவர் பதவி பஞ்சாயத்தைப் போலச் சுழற்சியில் நமக்கும் நம் பெண்களுக்கும் வர வேண்டும். இணை உறுப்பினருக்கு ஓட்டு. குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் பட்டா கேட்காத கடன்.

அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கு எழுதிய திட்டத்தில் நிலத்தையே அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடில்லாமல் ஊராருக்குக் கூட்டுப்பண்ணையாகக் கொடுக்கச் சொன்னார். அதன் முன்னால் நான் கேட்பது ஒரு வாளி அளவுதான்.

மாடு செத்துப்போயிற்று. கடன் ரொம்ப நாள் இருந்தது. அம்மா அந்தத் தூக்குவாளியில் இப்போது கூழ் எடுத்துப் போகிறாள். சொசைட்டி வாசலைத் தாண்டித்தான் கழனிக்குப் போக வேண்டும். வாசலில் மேலே பெரிசாக எழுதியிருக்கிறது, 'கூட்டுறவே நாட்டுயர்வு'. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.