பாங்கி அப்ரண்டிஸ் என்றால் கிளார்க் அல்ல!
அம்பத்தூர், ஆவடி பட்டதாரிகள் போட வேண்டிய கணக்கு

"பையன் பாங்கியில சேர்ந்துட்டான்" என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு வீட்டில் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் உடனே கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பர்மனென்ட்டா?"

இந்தக் கேள்விக்கு இப்போது சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. ஒரே கிளையில் வேலை பார்க்கும் இரண்டு வாலிபர்களில் ஒருவர் கிளார்க்காக இருப்பார், இன்னொருவர் அப்ரண்டிஸாக இருப்பார். வயது ஒன்று, படிப்பு ஒன்று. சம்பளமும் எதிர்காலமும்தான் வேறு.

ரூ.15 ஆயிரம், ஒரே வருஷம்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் பாங்கி, 2024 ஜூலையில் நாடு முழுவதும் 1,500 அப்ரண்டிஸ்களை எடுப்பதாக அறிவித்தது. 20 முதல் 28 வயது வரையுள்ள பட்டதாரிகள் மனு செய்யலாம். பயிற்சி 12 மாதம். பெருநகர, நகரக் கிளைகளில் மாதம் ரூ.15 ஆயிரம். கிராமம், சிறு நகரம் என்றால் ரூ.12 ஆயிரம். ஐ.ஓ.பி., கனரா பாங்கி, ஸ்டேட் பாங்கி ஆகியவையும் இதே ரீதியில் ஆள் எடுத்திருக்கின்றன.

கிளார்க் கதை வேறு. 2024 மார்ச் 8-ந் தேதி கையெழுத்தான ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளமே ரூ.24,050-ல் ஆரம்பம். அது படிப்படியாக ஏறி ரூ.64,480 வரை போகும். பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல். பதவியின் பெயரையும் "கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்" என்று மாற்றிவிட்டார்கள். சி.டி.எச். ரோட்டில் யாரும் அப்படிச் சொல்வதாகத் தெரியவில்லை. கிளார்க் கிளார்க்தான்.

சரி, ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்தால் கிளார்க் ஆக்கிவிடுவார்களா? மாட்டார்கள். பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்டேட் பாங்கி மட்டில், தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்குக் கிளார்க் தேர்வில் சிறு சலுகை மதிப்பெண் கொடுத்திருக்கிறது. அதற்கும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

பிட்டருக்கும் பட்டதாரிக்கும் வித்தியாசம்

அப்ரண்டிஸ் என்ற வார்த்தை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, எஸ்டேட்டிலோ ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலோ அப்ரண்டிஸாக இருந்து முன்னுக்கு வந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அதனால்தான் அப்பாமார்களுக்கு இந்த வார்த்தை மேல் ஒரு நம்பிக்கை.

ஆனால் பிட்டர், டர்னர் கற்றுக்கொண்ட வேலை அவர் கையோடு போகும். இந்தப் பட்டறை வேண்டாம் என்றால் எதிர்ப் பட்டறை. லேத் எங்கும் லேத்தான். பாங்கி அப்ரண்டிஸ் கற்றுக்கொள்வது கணக்கு ஆரம்பிக்கும் பாரம், நகைக் கடன் காகிதம், கம்ப்யூட்டரில் பதிவு. நல்ல அனுபவம்தான். அதைக் காட்டி எதிரே இருக்கும் இன்னொரு அரசு பாங்கியில் போய்க் கிளார்க் வேலை கேட்க முடியாது. அங்கே கதவு ஒன்றே ஒன்று: ஐ.பி.பி.எஸ். தேர்வு. ஸ்டேட் பாங்கிக்கு அதன் சொந்தத் தேர்வு.

அந்தத் தேர்வுக்கும் வயது வரம்பு 28. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5 வருஷமும், மத்திய அரசுப் பட்டியலில் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு 3 வருஷமும் சலுகை உண்டு. ஒரு தடவை அப்ரண்டிஸ் முடித்தவர் மறுபடி வேறு பாங்கியில் அப்ரண்டிஸாகவும் சேர முடியாது. ஆக, 21, 22 வயதில் டிகிரி முடித்த கையோடு, சாயங்காலம் தேர்வுக்குப் படித்துக்கொண்டே போகிறவருக்கு இது லாபம். கையில் காசும் வரும், கவுண்டர் பயமும் தெளியும். 26, 27 வயதில் தேர்வுப் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு இதில் போய் உட்காருவது நஷ்டக் கணக்கு.

இடத்துக்கு எத்தனை பேர்?

1969-ல் 14 பாங்கிகளும் 1980-ல் 6 பாங்கிகளும் தேசியமயமானபோது மூலை முடுக்கெல்லாம் கிளைகள் முளைத்தன. லெட்ஜர் எழுத ஆள் வேண்டியிருந்தது. 1983-ல் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டு எந்திரங்கள் உள்ளே வந்தன. 2000-2001-ல் விருப்ப ஓய்வில் சுமார் 1 லட்சம் பேர் வெளியே போனார்கள். 2017-ல் 27 ஆக இருந்த அரசு பாங்கிகள், இணைப்புக்குப் பிறகு 2020-ல் 12 ஆகிவிட்டன. பணம் போடுவதற்கும் பாஸ்புக்கில் பதிவதற்கும்கூட இன்று மெஷின் நிற்கிறது.

2025 ஆகஸ்டில் ஐ.பி.பி.எஸ். வெளியிட்ட கிளார்க் அறிவிப்பில் நாடு முழுவதற்கும் 10,277 இடம். தமிழ்நாட்டுக்கு 894. கோவை, மதுரை, நெல்லை என்று எல்லா ஊர்ப் பட்டதாரிகளும் அந்த 894-க்குத்தான் மோத வேண்டும்.

முதல் கட்டத் தேர்வில் 100 கேள்வி, ஒரு மணி நேரம். தப்பாக எழுதினால் கால் மார்க் போய்விடும். முதல் கட்டம், மெயின் இரண்டையும் தமிழ் உள்பட 13 வட்டார மொழிகளிலும் நடத்த மத்திய நிதி அமைச்சகம் 2021 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அதனால் கணக்குக்கும் ரீசனிங்குக்கும் தமிழ் வழியில் படித்தவர் பயப்பட வேண்டியதில்லை. இங்கிலீஷ் தாள்தான் பலரைக் கவிழ்க்கிறது. தமிழ்நாட்டு இடத்துக்கு மனு செய்கிறவருக்குத் தமிழ் எழுத, படிக்க, பேசத் தெரிய வேண்டும் என்பதும் விதி.

நேர்காணல் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. "உள்ளே ஆள் இருக்கு, 3 லட்சம் கொடுத்தா முடிச்சிடலாம்" என்று எவராவது டீக்கடையில் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். முடித்துக் கொடுக்க அங்கே ஒன்றுமே இல்லை.

கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் விசாரிக்கலாம். அம்பத்தூர்க்காரர் சென்னை மாவட்டம்; ஆவடி, பூந்தமல்லிக்காரர் திருவள்ளூர் மாவட்டம். 2022-ல் தமிழக அரசு ஆரம்பித்த "நான் முதல்வன்" திட்டத்திலும் பாங்கி தேர்வுக்கு இலவசப் பயிற்சி தந்திருக்கிறார்கள்.

உள்ளே போன பிறகு

கிளார்க் ஆனவுடன் பலர் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. பாங்கி ஊழியர்களுக்கென்று ஜே.ஏ.ஐ.ஐ.பி. என்று ஒரு பரீட்சை இருக்கிறது, 4 தாள். பாஸ் செய்தால் ஒரு இன்கிரிமென்ட். அடுத்தது சி.ஏ.ஐ.ஐ.பி.; அதற்கு 2 இன்கிரிமென்ட். ரிட்டயர் ஆகும் வரை மாதா மாதம் வரும் பணம் அது.

ஆபீசர் பதவிக்கும் உள்தேர்வு உண்டு. ஆனால் ஆபீசர் ஆனால் வெளிமாநிலத்துக்கு மாற்றல் வரலாம். வீட்டில் வயதான தாய் தகப்பன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று யோசித்து, பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏராளம். பெண் ஊழியர்களில் இது இன்னும் அதிகம். கிளார்க்காகவே இருந்தால் வேலை தமிழ்நாட்டுக்குள்தான். ஆவடி ரெயிலில் ஏறிப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம்.