8 பேரும் 135 பேரும்

பெரு நாட்டின் அந்தீஸ் மலையூரான உச்சுராக்காயில் 1983 ஜனவரி 26 ஆம் திகதி 8 பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டனர். எமது தொழிலைச் சார்ந்த எவரும் மறக்கக்கூடாத நாள் அது. ஆனால், அந்த ஊரைப் பற்றி இவ்வளவு மாத்திரமே அறிந்திருப்போமானால், நாம் பாதிக் கதையைக்கூட அறியவில்லை என்பேன்.

அயகுச்சோ பிராந்தியத்தில், ஏறக்குறைய 4,000 மீற்றர் உயரத்தில், கெச்சுவா மொழி பேசும் விவசாயிகள் வாழும் ஊர் அது. சில நாட்களுக்கு முன்னர் அயலூர் ஒன்றில் 'ஒளிரும் பாதை' கெரில்லாக்கள் 7 பேரை ஊரவர்களே கொன்றிருந்தனர். ஜனாதிபதி பெலாவுந்தே அதனைப் பாராட்டினார். நடந்தது என்னவென்று நேரிற் கண்டறியவே பத்திரிகையாளர்கள் மலையேறினர். நடந்து வரும் அந்நியர்களைக் கொல்லுமாறு படையினர் கூறிச் சென்றதாக ஊரவர்கள் பின்னர் சாட்சியமளித்தனர். வந்தவர்களைக் கெரில்லாக்கள் எனக் கருதியே அவர்கள் கொன்றனர்.

எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசா தலைமையிலான ஆணைக்குழு, அம்மக்களை நவீன உலகிலிருந்து துண்டிக்கப்பட்டுப் பழமையில் தேங்கியவர்களாகச் சித்திரித்தது. ஆனால், கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களுள் சிலர் கெச்சுவா அறிந்தவர்கள். எனவே மொழி புரியாமையையோ பழமையையோ காரணங்காட்டித் தப்பிவிட முடியாது. இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் நடுவே அகப்பட்டோரின் அச்சமே அங்கு பேசியது.

அதன் பின்னர் நடந்தவை தலைப்புச் செய்திகளாகவில்லை. கெரில்லாக்களும் படையினரும் ஊர்காவற் குழுக்களும் மாறிமாறி அவ்வூரவர்களைக் கொன்றனர். 1984 இல் ஊர் வெறிச்சோடியது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 470 பேர் வாழ்ந்த ஊரில் 135 பேர் கொல்லப்பட்டதை, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2003 இலேயே பதிவுசெய்தது. நாடு முழுவதும் மாண்டோரும் காணாமற்போனோரும் 69,280 பேர் என அது மதிப்பிட்டது. அதற்கு முன்னர் கூறப்பட்டுவந்த தொகையைப் போல் இது ஏறக்குறைய இருமடங்கு. பலியானோரில் நால்வரில் மூவர் கெச்சுவாவையோ வேறு பூர்வீக மொழிகளையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். பல்லாயிரம் பேர் இல்லாமற்போனதைத் தலைநகர் லீமா உணரவேயில்லை.

தப்பியோர் 1993 இல் ஊர் திரும்பினர். 2014 இல் உச்சுராக்காய் தனி மாவட்டமாகியது. அந்த எட்டுப் பேரையும் நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்வது நியாயமே. ஆனால் அவர்கள் அந்த மலைக்குச் சென்றது, அங்கு வாழ்ந்தோருக்கு நேர்ந்ததை எழுதுவதற்காக. அந்த 135 பேரையும் மறந்துவிட்டு எட்டுப் பேருக்கு மட்டும் அஞ்சலி செலுத்துவோமாயின், அவர்கள் தேடிச் சென்ற செய்தியை நாம் இன்னமும் எழுதி முடிக்கவில்லை.