கட்டற்றதா, இலவசமா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'லிப்ர்' என்றால் சுதந்திரமானது, 'கிராத்துயி' என்றால் காசில்லாதது என்று எங்கள் வாத்தியார் பிரித்துச் சொல்வார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' ஒன்றே. தமிழில் கட்டற்றது, இலவசம் என்று இரண்டு சொல் இருந்தும் நாம் இலவசத்தைத்தான் பிடித்துக்கொள்கிறோம்.

லினக்ஸ் போட்டுப் பழக உள்ளங்கை அகலக் கணினிப் பலகை வாங்குவோர் விலையையும் ராமையும்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். விற்றவர்கள் தந்த லினக்ஸ் மட்டுமே அதில் ஓடும். இரண்டே வருஷத்தில் புதுப்பிப்பை நிறுத்திவிட்டார்கள். சதுரங்கப்பட்டினத்து உப்புக்காற்றுக்குத் தப்பிய பலகை, அவர்கள் கைவிட்டதால் அலமாரியில் கிடக்கிறது.

2012-ல் வந்த ராஸ்பெரி பை நல்ல பலகைதான், மறுக்கவில்லை. ஆனால் சுவிட்சைப் போட்டதும் அதில் முதலில் ஓடுவது, மூலநிரலை வெளியிடாத ஒரு நிரல். அது கதவைத் திறந்தால்தான் லினக்ஸ் உள்ளே வரும். அலுவலகத்தில் பீரோ என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, சாவி சூப்பிரண்டிடம். பீரோ யாருடையது?

சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி 2018-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அதன் வடிவமைப்பை யாரும் எடுத்துப் படிக்கலாம். அப்படிப்பட்டது நம் மேசைக்கு வரும்வரை, காசு கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: "எல்லோருக்கும் பொதுவான லினக்ஸ் கர்னலே இதில் ஓடுமா, இல்லை நீங்கள் தருவதுதான் ஓடுமா?"

இரண்டாவதுதான் பதில் என்றால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.