தங்கை பெண்ணின் வரப் பட்டியல்

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் நம் வீடுகளில் பட்டியல் போடுவோமே! பெரியவளுக்குப் பட்டுப் பாவாடை, சின்னவனுக்குச் சட்டை, அடுக்களைக்கு ஒரு புதுக் குக்கர்... வந்து சேருவது என்னவோ பாதிதான். ஆனாலும் பட்டியல் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது தனி!

என் தங்கை பெண்ணும் இப்படி ஒரு பட்டியல் போடுகிறாள். அவளுக்கு மட்டும் தீபாவளி ஜூன் மாதத்தில் வருகிறது.

அவள் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள். உத்தியோகத்தை விட்டுவிட்டு, மாடி அறையில் உட்கார்ந்து, ஐபோனுக்கு ஒரே ஒரு 'ஆப்' செய்து விற்கிறாள். பால் கணக்கு, சலவைக் கணக்கு, பேப்பர் கணக்கு எல்லாம் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகம் அது. சில நூறு வீடுகளில் வாங்கியிருக்கிறார்கள். அதில்தான் அவள் ஜீவனம்.

"ஜூனுக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"ஆப்பிள் கம்பெனி வருஷா வருஷம் ஜூனில் எங்களுக்காக மகாநாடு கூட்டுகிறது, பெரியம்மா. கலிபோர்னியாவில் காலை பத்து மணிக்குத் திரை விலகினால், நமக்கு இரவு பத்தரை. போனில் புதிதாக என்னென்ன வரப்போகிறது என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள்" என்றாள்.

ஒரு காலத்தில் இதற்கு டிக்கெட் 1,599 டாலராம்! கூட்டம் தாங்காமல் 2014-ல் குலுக்கல் முறை வந்தது. 2020-ல் கோவிட் வந்து எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்தபோது, மகாநாட்டை இன்டர்நெட்டில் இலவசமாகக் காட்டினார்கள். அன்று முதல் நம் மாடி அறைக்கும் முன்வரிசை நாற்காலிதான்.

"கேட்டால் கொடுத்துவிடுவார்களா?" என்றேன்.

"கொடுப்பார்கள். ஆனால் பொறுமை வேண்டும்" என்று சிரித்தாள். 2007-ல் ஐபோன் வந்தபோது வெளியார் எழுதும் ஆப்களுக்கு அதில் இடமே இல்லையாம். எழுதுகிறவர்கள் கேட்டுக் கேட்டு, 2008 ஜூலையில்தான் ஆப் கடை திறந்தது. முதல் நாள் சரக்கு 500 ஆப்கள். ஓர் இடத்தில் எழுதியதை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டும் வசதிகூட 2009-ல்தான் வந்ததாம். இதையெல்லாம் விட வேடிக்கை ஐபாடின் கதை. 2010-ல் பிறந்த அந்தப் பலகைக்குக் கம்பெனியே தரும் கால்குலேட்டர் கிடையாது. கூட்டல் கழித்தலுக்கு வேறு யாரோ செய்த ஆப்பைத் தேடிப் போக வேண்டும். 2024 ஜூன் மகாநாட்டில்தான் அந்த வரம் கிடைத்தது. பதினாலு வருஷம்! ராமனே காட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருப்பான்.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன்.

முதல் வரி: "இந்த வருஷம் புதிதாக ஒன்றும் வேண்டாம். இருப்பதைச் செப்பனிட்டால் போதும்." எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புதுப் பாத்திரம் வாங்காமல், பழைய வெங்கலப் பானைக்கு ஈயம் பூசி வாங்கும் வருஷம் உண்டல்லவா? அப்படி ஒரு வருஷம் அவர்களுக்கும் வந்ததாம். 2009-ல் 'ஸ்னோ லெப்பர்ட்' என்று பெயரிட்டு, புதுமையைக் குவிப்பதைவிட உள்ளதைச் சீர் செய்வதே நோக்கம் என்று சொல்லியே வெளியிட்டார்கள்.

இரண்டாவது வரி: "பழைய போன் வைத்திருப்பவர்களை மறக்க வேண்டாம்." மூன்றாவது: "புதுக் கருவி தந்தால், கையாளும் விதத்தை உதாரணத்தோடு எழுதித் தர வேண்டும்." வாஸ்தவந்தானே! 'உப்பு தேவையான அளவு' என்று எழுதிய சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு புதுப் பெண் என்ன செய்வாள்?

கடைசி வரியை மட்டும் அடித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். "வீட்டுக் கணக்கு நோட்டை மட்டும் நீங்களே கொடுத்துவிடாதீர்கள்."

எனக்குத் தொண்டையை அடைத்தது. பெரிய கம்பெனி அதையே போனோடு இனாமாகக் கொடுத்துவிட்டால் இவள் ஆப்பை யார் வாங்குவார்கள்? அப்படி நடந்தும் இருக்கிறது. 'வாட்ஸன்' என்று ஒரு சிறிய கம்பெனியின் புரோகிராம் இருந்தது. 2002-ல் ஆப்பிளின் 'ஷெர்லக்' ஏறக்குறைய அதே வேலைகளைச் செய்துகொண்டு வந்தது. அன்று முதல், சிறியவன் கடைக்கு எதிரே பெரியவன் கடை போட்டால் 'ஷெர்லக் ஆகிவிட்டது' என்பது இவர்கள் பாஷை.

"ஏன் அடித்தாய்?" என்றேன்.

"ஐபாடில் கால்குலேட்டர் வந்த அன்று அம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டாள், பெரியம்மா! அதுவரை கால்குலேட்டர் விற்றுப் பிழைத்தவர்களும் இருந்திருப்பார்களே? அவர்களுக்காக நான் வருத்தப்படவில்லை. இப்போது எனக்கு மட்டும் வேண்டாம் என்று எந்த முகத்தோடு கேட்பது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் எதிர்வீட்டு மாமியின் ஞாபகம் வந்தது. இட்லி மாவு அரைத்து விற்றவள். கடையில் பாக்கெட் மாவு வந்ததும் தெருவே அங்கே போயிற்று. நானும் போனேன், மறைப்பானேன்! ஆனால் மாமி கிரைண்டரை நிறுத்தவில்லை. எந்த வீட்டுக்கு உளுந்து ஜாஸ்தி வேண்டும், எந்த வீட்டுத் தாத்தாவுக்குப் புளிப்பு ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பாதி வீடுகள் திரும்பி வந்தன. பாதி வரவில்லை. அந்தப் பாதியை வைத்தே பெண்ணுக்குக் கல்யாணம் செய்தாள்.

இதைச் சொன்னேன். தங்கை பெண் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அடித்த வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். இவை கம்பெனிக்கு அல்ல, தனக்கே.

"விசேஷ நாளில் பால் அரை லிட்டர் கூடுதல். சலவைக்காரர் ஊருக்குப் போன வாரத்தைக் கழிக்க வேண்டும். வேலை செய்யும் அம்மாவுக்குக் கொடுத்த முன்பணத்தை, அவள் கூசாதபடி மாதா மாதம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும்..."

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது!

மகாநாட்டு இரவு நான் அவளோடு கண் விழிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வரம் கிடைக்கிறதோ இல்லையோ, பத்தரை மணிக்கு நல்ல டிகாஷன் காப்பி கிடைக்கும்!