சந்தை போட்ட கணக்கு

2019 செப்டம்பர் 20 அன்று முற்பகல், கோவாவில் செய்தியாளரைச் சந்தித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், பெருநிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்படும் என அறிவித்தார். அன்று வணிகம் முடிந்தபோது சென்செக்ஸ் 1,921 புள்ளிகள் உயர்ந்திருந்தது. பத்தாண்டுகளில் காணாத ஒருநாள் ஏற்றம் அது. அந்த ஏற்றத்தையே அறிவிப்பின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டினோர் பலர். அச்சான்று மெய்ப்பிப்பது யாது?

பங்கு வாங்குவோர்க்கு உரியது வரி போக எஞ்சும் இலாபமே. கூடுதல் வரிகளையும் சேர்த்து நூறு ரூபாய் இலாபத்தில் ஏறத்தாழ 35 ரூபாய் செலுத்திவந்த நிறுவனம், இனி 25 ரூபாய் செலுத்தினால் போதும். எஞ்சுவது 65 இலிருந்து 75 ஆகிறது. ஒரு பொருளேனும் மிகுதியாக விற்காமல், ஒரு தொழிலாளியையேனும் புதிதாய்ச் சேர்க்காமல், இலாபம் 15 விழுக்காடு வளர்ந்துவிடுகிறது. அவ்வளர்ச்சியையே முதலீட்டாளர் அன்று விலையில் ஏற்றினர். அவர்கள் கண்மூடி வாங்கவுமில்லை. முழு வரி செலுத்திவந்த வங்கிகளின் பங்குகளும் வாகன நிறுவனங்களின் பங்குகளும் ஏறின. சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகளால் முன்பே குறைவாகச் செலுத்திவந்த இன்ஃபோசிஸ், டிசிஎஸ் பங்குகள் அதே நாளில் சரிந்தன. எவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சந்தை நுட்பமாகவே கணித்தது. நாட்டுக்கு என்ன கிட்டும் என்பதை அது கணிக்கவில்லை. கணிப்பது அதன் பணியுமன்று.

கடன் பத்திரச் சந்தை அன்று வேறொன்றைக் கண்டது. ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே கூறியிருந்தது. அக்குறையை நிரப்ப அரசு மேலும் கடன் வாங்கும் என்ற அச்சத்தால் அரசுப் பத்திரங்களின் விலை இறங்கியது, வட்டி ஏறியது. பங்குச் சந்தையின் ஆரவாரத்தில் இக்குரல் எவர் செவியிலும் விழவில்லை.

2018-19 இல் 6.63 இலட்சம் கோடி ரூபாயாக இருந்த பெருநிறுவன வரி வருவாய், மறு ஆண்டில் 5.57 இலட்சம் கோடியாக வீழ்ந்தது. பின்னர் அது மீண்டதாயினும், 2023-24 இல் தனிமனிதர் செலுத்திய வருமான வரி அதனை விஞ்சி நின்றது. அதே ஆண்டில் நிறுவனங்களின் இலாபம் 22.3 விழுக்காடு பெருகியதாகவும், வேலைவாய்ப்பு 1.5 விழுக்காடே வளர்ந்ததாகவும் அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. துறந்த வரிப் பணம் ஆலைகளாகவும் ஊதியமாகவும் திரும்பும் என்று நம்பிய மக்களுக்கு இவ்விரு எண்களும் ஏமாற்றம் தருவன.

அன்றைய அறிவிப்பில் நாம் மனமாரப் பாராட்டும் கூறும் ஒன்றுண்டு. புதிதாய்த் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு அடிப்படை வரி 15 விழுக்காடு என்றும், குறித்த நாளுக்குள் உற்பத்தி தொடங்கியாக வேண்டும் என்றும் விதித்தனர். ஆலை எழுப்பியவர்க்கே அச்சலுகை. அதற்குரிய வாய்ப்பு 2024 மார்ச் 31 உடன் முடிந்தது. ஏனைய விலக்குகளைத் துறந்தால் எவரும் பெறத்தக்க 22 விழுக்காட்டுச் சலுகைக்கோ முடிவு நாளும் இல்லை, முதலீட்டுக் கடப்பாடும் இல்லை. இம்முரண்பாட்டுக்கு நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில் விடை கூறவேண்டும்.