செய்யுள் மேடையேறட்டும்

தமிழ்நாடு அரசின் தமிழ்ப் பாடநூல்களில் பாடம் முடியும் இடத்தில் 'கற்பவை கற்றபின்' என்றொரு சிறு பகுதி உண்டு. குழுவாகக் கூடி நடித்துப் பாருங்கள், கதையை உரையாடலாக மாற்றி எழுதுங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து வாருங்கள் என்று மாணவர்களை அழைக்கும் பகுதி அது. நூலாசிரியர்கள் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். வகுப்பிலோ அந்த இடம் வந்ததும் பக்கம் புரட்டப்பட்டுவிடுகிறது. தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது. அரையாண்டுக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும், அதன்பின் திருப்புதல் தேர்வுகள் வரிசைகட்டி நிற்கும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த நிலை மாற வேண்டும். குழுவாகச் செய்யும் படைப்புப் பணியை இலக்கியப் பாடத்தின் ஓர் உறுப்பாகவே ஏற்று, அதற்குப் பாடவேளையும் மதிப்பெண்ணும் ஒதுக்க வேண்டும்.

காரணம் எளிது. செய்யுளுக்குப் பொருள் எழுதிப் போட்டால் பாடம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அதையே நடித்துக் காட்டச் சொன்னால்தான் எவ்வளவு படிக்காமல் விட்டோம் என்று தெரியும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எட்டு மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். கண்ணகி யார், பாண்டியன் யார் என்று பிரித்துக்கொள்வதில் ஐந்து நிமிடம் போகும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். கோப்பெருந்தேவி எங்கே நிற்பாள்? காதையின் தொடக்கத்தில் தான் கண்ட தீய கனவை அரசனிடம் சொல்கிறாள். அதன்பின் அவன் உயிர்விடும்வரை அவளுக்குப் பேச்சே இல்லை. காணாமல் போனது அவளுடைய சிலம்பு. அதன் பரல் முத்து என்று சொல்பவன் அரசன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கும்போது அரசியின் முகம் எப்படி இருக்கும்? அவள் அரசனைப் பார்ப்பாளா, கண்ணகியைப் பார்ப்பாளா? அரசியாக நிற்கும் மாணவி ஒன்று சொல்வாள், வாயிற்காவலனாக நிற்பவன் வேறொன்று சொல்வான். தகராறைத் தீர்க்க இருவரும் பாட்டைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். எந்த நோட்ஸிலும் இல்லாத இந்தக் கேள்விக்காக ஒரு வகுப்பு இளங்கோவடிகளை மூன்றாம் முறை படிக்குமென்றால், இலக்கியக் கல்வி வேறென்ன?

நடிப்பு மட்டும்தான் வழி என்பதில்லை. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு நூலில் மலைபடுகடாம் இடம்பெற்றது. 583 அடிகள் கொண்ட அந்த ஆற்றுப்படை, நன்னனிடம் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறது. எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும், எங்கே வழுக்கும், எந்த ஒலிக்கு அஞ்ச வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒரு குழு அந்த வழியை வரைபடமாக்கலாம். இன்னொரு குழு பாட்டில் வரும் முழவு, ஆகுளி, குழல் போன்ற இசைக்கருவிகளைப் பற்றி ஊர் மேளக்காரரிடம் கேட்டு வரலாம். நன்னனின் ஊராகச் சொல்லப்படும் செங்கத்துப் பிள்ளைகளுக்கு இது சொந்த மண்ணின் வரைபடம். அதே நூலில் 'நிகழ்கலை' என்றொரு பாடமும் இருந்தது. தெருக்கூத்துக் கலைஞர் பக்கத்து ஊரில் இருக்க, மாணவர்கள் தெருக்கூத்து பற்றிக் குறிப்பு எழுதி மதிப்பெண் வாங்குவதோடு நின்றுவிடுவது வேதனை.

நம் மரபுக்கு இது புதிதல்ல. வட தமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. எழுத்தறியாதவர்களும் வில்லிபாரதத்தைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். 'நாடகமும் அரங்கியலும்' அங்கே க.பொ.த. உயர்தரத்தில் தனிப் பாடமாகவே இருக்கிறது. முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்கும் நாம் அதை வகுப்பறைக்குள் விடத் தயங்குகிறோம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா பாராட்டுக்குரியது. ஆனால் அது போட்டி. ஏற்கெனவே ஆடவும் பாடவும் தெரிந்த பிள்ளைதான் வட்டாரம், மாவட்டம் என்று மேலே போகும். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை.

பெற்றோரின் எரிச்சல் நியாயமானது. 'பிராஜெக்ட்' என்றாலே இரவு ஒன்பது மணிக்கு சார்ட் வாங்க ஓடுவதும், பிரவுசிங் சென்டரில் படம் எடுத்து ஒட்டுவதும், அம்மா விடிய விடிய எழுதிக்கொடுப்பதும்தான் அவர்கள் கண்டது. அது அப்படியே ஒழியட்டும். குழுப் பணி முழுக்கப் பள்ளி நேரத்தில், காசு செலவில்லாமல் நடக்க வேண்டும். ஒருவர் உழைப்பில் ஐவர் மதிப்பெண் வாங்குவதும் நடக்கிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, உன் பங்கு என்ன, இந்த அடியை ஏன் இப்படிக் காட்டினாய் என்று கேட்டால் போதும், உழைத்தவர் யாரென்று தெரிந்துவிடும். அறுபது பேர் உள்ள வகுப்பில் இது ஓர் ஆசிரியருக்குப் பெரும் சுமைதான். எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம், பருவத்துக்கு ஒரு செய்யுள் போதும். அந்த வாரத்தில் மற்றப் பணிகளிலிருந்து தமிழாசிரியருக்கு விடுப்புக் கொடுங்கள்.

மேல்நிலை வகுப்புகளில் மொழிப்பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு இருக்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொடுக்காமல் இந்தப் பணிக்கென ஒதுக்கலாம். பத்தாம் வகுப்பில் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே போகிறது. அங்கே அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒரே ஒரு நெடுவினாவை மாற்றினால் போதும்: 'உங்கள் குழு இந்த ஆண்டு எந்தச் செய்யுளை எடுத்துக்கொண்டது? அதில் எந்த இடத்தில் உங்களுக்குள் கருத்து வேறுபட்டது? பாட்டைக் கொண்டு எப்படி முடிவுக்கு வந்தீர்கள்?' இந்த வினா வரும் என்று ஜூன் மாதமே அறிவித்துவிட்டால், எந்தப் பள்ளியும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகாது.