கட்டிலருகிலிருந்து கேஸ் ஷீட்டுக்கு



மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்து வரும்போது, பில்லுடன் சேர்த்து டிஸ்சார்ஜ் சம்மரி என்ற தாள் ஒன்றையும் தருகின்றார்கள். பில்லை நாம் வரிக்கு வரி படிக்கின்றோம். சம்மரியை மடித்து மருந்துப் பையில் வைத்துவிடுகின்றோம். நோயாளிக்கு உண்மையில் நேர்ந்தது அந்த ஏடுகளில் முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றதா என்று பார்ப்பதற்கென்றே அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு தனிப் பணி வளர்ந்திருக்கின்றது. அதற்கு கிளினிக்கல் டாக்குமென்டேஷன் என்று பெயர். அப்பணியில் இருப்போரில் பெரும்பாலோர் பல்லாண்டுகள் வார்டில் நின்று நோயாளிகளைக் கவனித்த நர்ஸ்கள்.

நர்ஸிங் படித்த பெண்கள் இன்று நம் வீடுகளிலும் இருக்கின்றார்கள். “நைட் டியூட்டி போதும், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறிக்கொள்” என்று அவர்களிடம் சொல்லாத குடும்பம் அரிது. ஆகவே, இந்த மாற்றம் எத்தகையது என்பதை இம்மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் பெயர் மெடிகேர். மருத்துவமனை செலவுக் கணக்கைக் காட்டிப் பணம் பெறும் பழைய முறையை மாற்றி, இன்ன வகை நோய்க்கு இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே வரையறுக்கும் முறையை அது 1983 அக்டோபரில் கொண்டுவந்தது. அன்றுமுதல் மருத்துவர் எழுதும் நோயின் பெயரே தொகையைத் தீர்மானிக்கலாயிற்று. 2015 அக்டோபர் முதல் தேதியன்று அந்நாட்டில் நோய்க் குறியீடுகளின் புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 14,000 ஆக இருந்த குறியீடுகள் 68,000க்கு மேல் பெருகின. எந்தப் பக்கம், எந்த நிலை, எதன் விளைவு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டியதாயிற்று. அவசரத்தில் இரண்டு சொல் எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடும் மருத்துவரால் இதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

நர்ஸின் கண் உதவுவது இந்த இடத்தில்தான். நுரையீரல் சளிக் காய்ச்சலுடன் ஒரு மூதாட்டி சேர்க்கப்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் சிறுநீர் குறைகின்றது. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறுகின்றது. மருத்துவர் அதைக் கவனித்து குளுக்கோஸ் பாட்டிலின் அளவை மாற்றுகின்றார். சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்தொன்றை நிறுத்துகின்றார். சிகிச்சையில் குறை ஏதுமில்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் ‘சிறுநீரகச் செயல்பாடு சற்றுக் குறைவு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகின்றார். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று எழுதினால் அதற்குக் குறியீடு வேறு, நோயின் கடுமையைக் குறிக்கும் கணக்கு வேறு. குறியீடு இடும் பணியாளர் பரிசோதனை எண்ணைப் பார்த்துத் தாமாக நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது. மருத்துவர் எழுதியதை மட்டுமே குறியீடாக்கலாம் என்பது விதி. வார்டில் நின்றவர் அந்த எண்களைக் கண்டதும், நடந்தது என்னவென்று ஊகித்துவிடுவார். ஆனாலும் தாமாக எழுத அவருக்கும் அதிகாரமில்லை. மருத்துவரிடம் எழுத்து மூலம் கேள்வி அனுப்ப வேண்டும்.

அக்கேள்விக்கு இலக்கணம் உண்டு. “சிறுநீரகப் பாதிப்பு என்று எழுதிவிடுங்கள்” என்று கேட்கக் கூடாது. நோயாளியிடம் காணப்பட்ட அறிகுறிகளையும் எண்களையும் எடுத்துக்காட்டி, “இவை எதைக் குறிக்கின்றன?” என்றே கேட்க வேண்டும். விடைகளைத் தெரிவுக்கு வைத்தால், ‘வேறு’ என்பதும் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பதும் அவற்றில் இடம்பெற வேண்டும். அந்த விடையால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் வருமா, குறையுமா என்பதைக் கேள்வியில் சொல்லவே கூடாது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தாம் கேட்டதை மட்டுமே ‘கேட்டேன்’ என்று சொல்லலாம் என்பதை ஓதிக்கொடுக்கும் எனக்கு இந்த விதி புதியதாகத் தோன்றவில்லை.

‘யூரோசெப்சிஸ்’ என்ற சொல்லை மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதி வருகின்றார்கள். சிறுநீர்ப் பாதையில் மட்டும் தொற்று என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். அத்தொற்று உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கும் நிலையை எட்டிவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம். இன்றைய அமெரிக்கக் குறியீட்டுப் பட்டியலில் அச்சொல்லுக்கு இடமில்லை. அதைக் கண்டால் மருத்துவரிடம் விளக்கம் கேட்டே ஆக வேண்டும். உயிருக்குப் போராடும் நோயாளிக்கு வெறும் சிறுநீர்த் தொற்று என்று பதிவாகி, அவர் இறந்தும்போனால், சாதாரண நோயாளியைக் காப்பாற்றத் தவறியதாக அந்த மருத்துவமனை கணக்கில் நிற்கும்.

படுக்கைப் புண்ணின் கதை இன்னும் நெருக்கமானது. 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் இருக்கும்போது உண்டான ஆழமான படுக்கைப் புண்ணுக்காக மெடிகேர் கூடுதல் தொகை தருவதில்லை. நோயாளி வரும்போதே புண் இருந்ததா, பிறகு வந்ததா? முதல் நாளில் நோயாளியைப் புரட்டிப் பார்த்து, முதுகின் கீழ்ப்பகுதியையும் குதிகாலையும் சோதித்து நர்ஸ் எழுதிய குறிப்பே இதில் முக்கியமான சாட்சி. புண் இருப்பதை மருத்துவர் எழுத வேண்டும்; அது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு நர்ஸின் குறிப்பை ஏற்றுக்கொள்கின்றார்கள். டியூட்டி முடியும் களைப்பில் ‘தோல் நன்றாக உள்ளது’ என்று பாராமலே எழுதும் பழக்கம் எங்கெல்லாம் நுழையக்கூடும் என்பது வார்டில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

இப்படிச் சொல்வதால் இந்த மாற்றம் எளிதென்று எண்ண வேண்டாம். வார்டில் நர்ஸ் கண்டார், உடனே செய்தார். வலி என்றால் ஓடினார். இங்கோ, கண்டதைக் கேள்வியாக எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வராத கேள்விகளும், எரிச்சலோடு வரும் பதில்களும் உண்டு. “இருபதாண்டு அனுபவமுள்ள எனக்கு எழுதக் கற்றுக்கொடுக்கின்றீர்களா?” என்று கேட்கும் மருத்துவர்கள் எந்த நாட்டில்தான் இல்லை! புதியவருக்கு முதல் சில மாதங்கள் குறியீட்டு விதிகளைப் படிப்பதிலேயே கழிந்துவிடும். முதுகுவலியும் இரவுக் கண்விழிப்பும் குறையலாம். கையைப் பிடித்துக்கொண்டு துஆச் செய்யும் நோயாளியும் இனி இல்லை. இரண்டையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இதனினும் கடுமையான சோதனை ஒன்றுண்டு. நோய் கடுமை என்று எழுதினால் மருத்துவமனையின் வருமானம் கூடும். ஆகவே, இல்லாத கடுமையை எழுத்தில் ஏற்றும் ஆசை நிர்வாகத்துக்கு எழுவது இயல்பு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இராணுவத்துக்குப் பொருள் வழங்கியோர் செய்த மோசடியைத் தடுக்க 1863இல் இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டே, பொய்க் கணக்குக் காட்டும் மருத்துவமனைகளை இன்றும் அங்கே வழக்கில் நிறுத்துகின்றார்கள். இழப்பின் மும்மடங்கு வரை திருப்பிக் கட்ட நேரும். உயர்த்திக் காட்டும் கேள்விகளை மட்டுமே அனுப்பிக்கொண்டிருக்கும் நர்ஸ், எவ்வளவு நயமாகக் கேட்டாலும், பதிவைச் சீர்செய்பவர் ஆகமாட்டார். கேஸ் ஷீட்டில் ஆதாரமில்லாத ஒரு நோய்ப் பெயரைக் கண்டால், “இதற்கு ஆதாரம் எங்கே?” என்று கேட்பதும் அவருடைய கடமையே. அக்கேள்வியால் வருமானம் குறையலாம்.

நர்ஸ் பேனாவைக் கையிலெடுப்பது புதிதுமல்ல. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய மங்கையாகவே பள்ளிப் பாடம் காட்டுகின்றது. கிரிமியப் போர்க்களத்தில் அவர் இருந்தது 1854 முதல் 1856 வரைதான். திரும்பி வந்தபின் அவருடைய நீண்ட உழைப்பு பெரும்பாலும் அறிக்கைகளிலும் புள்ளிவிவரங்களிலுமே கழிந்தது. மருத்துவமனைகள் அனைத்தும் ஒரே மாதிரியான படிவத்தில் நோயையும் மரணத்தையும் பதிய வேண்டும் என்று அவர் வகுத்த திட்டம் 1860இல் இலண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் ஆராயப்பட்டது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, இன்றைய துருக்கியிலுள்ள உர்ஃபா நகரைச் சார்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்-ருஹாவீ என்ற மருத்துவர், ‘அதபுத் தபீப்’ என்ற அரபு நூலில், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நோயாளியின் நிலையை மருத்துவர் எழுதி வைக்க வேண்டுமென்றும், நோயாளி இறந்தால் அந்த ஏடுகளைப் பிற மருத்துவர்கள் சோதிக்க வேண்டுமென்றும் வகுத்துரைத்தார்.

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம். சென்னையிலுள்ள பல நிறுவனங்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக மெடிக்கல் கோடிங் செய்து தருகின்றன. நர்ஸிங், பார்மசி, உயிரியல் படித்தவர்கள் அங்கே வேலை செய்கின்றார்கள். கோடிங் வேறு, நான் மேலே விவரித்த பதிவுச் சீராய்வு வேறு. எழுதியதைக் குறியீடாக்குவது முன்னது, எழுதப்படாமல் போனதைக் கேட்பது பின்னது. அமெரிக்காவில் பின்னதற்குப் பெரும்பாலும் நர்ஸ் உரிமமும் சில ஆண்டு வார்டு அனுபவமும் கேட்கின்றார்கள். அத்துறையின் சி.சி.டி.எஸ். சான்றிதழ்த் தேர்வெழுத, அதே பணியில் இரண்டாண்டுகள் இருந்திருக்க வேண்டும். அபுதாபியிலும் துபாயிலும் நோய்வகை வாரியான கட்டண முறை வந்துவிட்டதால், வளைகுடாவிலிருக்கும் நம் பெண்களுக்கும் இச்செய்தி பயன்படும். கேஸ் ஷீட்டைக் கணினியே படித்து விடுபட்டதைச் சுட்டிக்காட்டும் காலமும் வந்துவிட்டது. அது சுட்டுவது சரிதானா என்று சொல்ல, நோயாளியை நேரில் பார்த்துப் பழகியவர் வேண்டும்.

ஆதலால், படிப்பு முடிந்த கையோடு மகளை நேரே கணினி முன் உட்காரவைக்கத் துடிக்கும் பெற்றோருக்கு என் கருத்து இதுதான்: மூன்று நான்கு ஆண்டுகளாவது அவள் வார்டில் இருக்கட்டும். சிஸ்டர் வேலை கௌரவக் குறைவு என்ற எண்ணத்தில் மாற்றச் சொல்வதானால், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். முதுகு தாங்கவில்லை, பிள்ளைகள் சிறியவர்கள், இரவில் வீட்டில் ஆளில்லை என்பவை நியாயமான காரணங்கள். மாறும் சகோதரிகள் மாநில நர்ஸ் கவுன்சில் பதிவை மட்டும் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வாருங்கள். வார்டுக்குத் திரும்ப விரும்பினாலும், வெளிநாட்டில் விண்ணப்பித்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.